ஐரோப்பிய ஒன்றியத்தின் சமூகச் சந்தைப் பொருளாதாரம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் சமூகச் சந்தைப் பொருளாதாரம் என்பது தொழில்துறையின் போட்டித்திறன், தொழிலாளர் உரிமைகள், சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் ஒருசேரப் பேணுவதற்காக அவ்வொன்றியம் வகுத்துவரும் கொள்கைகளையும் சட்டங்களையும் குறிக்கும். டிசம்பர் 1, 2009 அன்று நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தால் திருத்தப்பட்ட ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 3 ஆம் உறுப்பு, மிகுந்த போட்டித்திறன் கொண்ட சமூகச் சந்தைப் பொருளாதாரம், முழு வேலைவாய்ப்பு, சமூக முன்னேற்றம், உயர்ந்த அளவிலான சூழல் பாதுகாப்பு ஆகியவற்றை ஒரே வாக்கியத்தில் ஒன்றியத்தின் குறிக்கோள்களாக அறிவிக்கிறது.

இக்குறிக்கோள்கள் ஒன்றோடொன்று முரண்படும்போது எதற்கு முதலிடம் தரவேண்டும் என்பதை அவ்வுறுப்பு கூறவில்லை. ஆகவே ஒவ்வொரு சட்டத்தின்போதும், ஒவ்வொரு வழக்கின்போதும் இச்சமநிலை புதிதாகத் தீர்மானிக்கப்படுகிறது. அதன் விளைவு 27 உறுப்பு நாடுகளின் தொழிலாளரை மட்டுமன்றி, ஐரோப்பாவுக்குப் பொருட்களை ஏற்றுமதி செய்யும் பிற நாடுகளின் தொழிலாளரையும் பாதிக்கின்றது.

சொல்லின் தோற்றம்

சமூகச் சந்தைப் பொருளாதாரம் என்னும் சொற்றொடர் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய மேற்கு ஜெர்மனியில் பரவலானது. பொருளியலாளர் ஆல்ஃபிரெட் முல்லர்-ஆர்மாக் 1947 இல் வெளியிட்ட நூலில் இதனைப் பயன்படுத்தினார். 1949 முதல் 1963 வரை பொருளாதார அமைச்சராக இருந்த லுட்விக் எர்ஹார்ட் இதனை அரசின் கொள்கையாக்கினார். விலையையும் உற்பத்தியையும் சந்தையே தீர்மானிக்கவேண்டும். ஆனால் சந்தையின் விதிகளை அரசு வகுக்கவேண்டும். போட்டியில் பின்தங்குவோருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பன இதன் அடிப்படைகள். சுற்றுச்சூழல் தொடக்கத்தில் இக்கருத்துருவின் பகுதியாக இருக்கவில்லை. அது 1970களுக்குப் பின்னரே சேர்ந்தது.

அடிப்படைச் சிக்கல்

ஒரு நாடு, கழிவுநீரைத் தூய்மைப்படுத்திய பின்னரே ஆற்றில் விடவேண்டும் எனத் தன் தொழிற்சாலைகளுக்கு விதித்தால் அவற்றின் உற்பத்திச் செலவு கூடும். அண்டை நாட்டில் அவ்விதி இல்லை எனவும், இரு நாடுகளுக்கும் இடையே சுங்க வரி இல்லை எனவும் கொண்டால், விதியற்ற நாட்டின் பொருள் மலிவாகக் கிடைக்கும். வேலை நேரம், ஊதியம், விபத்துப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். எல்லைகளைத் திறந்துவிட்ட பொதுச் சந்தையில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. இதற்கு மூன்று வகையான தீர்வுகள் முன்வைக்கப்படுகின்றன:

- ஒவ்வொரு நாடும் தன் விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம். இதில் நாடுகள் போட்டியிட்டுக்கொண்டு விதிகளைத் தளர்த்தும் அபாயம் உண்டு.
- அனைவருக்கும் பொதுவான கீழ் எல்லை ஒன்றை வகுத்து, அதற்கு மேலே செல்வதை நாடுகளின் விருப்பத்துக்கு விடலாம். ஒன்றியத்தின் பெரும்பாலான தொழிலாளர் சட்டங்கள் இவ்வகையின.
- விதிக்கு உட்படாத பொருளும் சேவையும் உள்ளே வருவதற்குத் தடையோ கட்டணமோ விதிக்கலாம்.

பொதுவான கீழ் எல்லைக்கும் மறுப்பு உண்டு. வருவாய் குறைந்த நாடுகளில் ஊதியம் குறைவாக இருப்பதற்கு அங்கே உற்பத்தித்திறன் குறைவாக இருப்பதே காரணம் என்றும், எல்லையை மிக உயரத்தில் வைத்தால் அந்நாடுகளின் தொழிலாளர் வேலையிழப்பர் என்றும் கூறப்படுகிறது. எனவே இப்பூசல் முதலாளிகளுக்கும் தொழிலாளருக்கும் இடையே மட்டும் நிகழ்வதன்று. செல்வம் மிகுந்த உறுப்பு நாட்டின் தொழிலாளருக்கும் செல்வம் குறைந்த உறுப்பு நாட்டின் தொழிலாளருக்கும் இடையேயும் அது நிகழ்கிறது.

இக்கட்டுரையில் குறிப்பிடப்படும் ஒன்றியச் சட்டங்கள் இரு வகையின. ஒழுங்குவிதி எல்லா உறுப்பு நாடுகளிலும் நேரடியாகச் சட்டமாகும். பணிப்பாணை அடையவேண்டிய இலக்கை மட்டும் கூறும். அதற்கேற்ப ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தை இயற்றிக்கொள்ள வேண்டும்.

வரலாறு

உரோம் உடன்படிக்கையும் சம ஊதியமும்

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை நிறுவிய உரோம் உடன்படிக்கையில் மார்ச் 25, 1957 அன்று ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. அதற்கு முந்திய ஆண்டில், சுவீடன் பொருளியலாளர் பெர்ட்டில் ஓலின் தலைமையிலான வல்லுநர் குழு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புக்கு ஓர் அறிக்கை அளித்திருந்தது. நாடுகளுக்கிடையிலான ஊதிய வேறுபாடு பெரும்பாலும் உற்பத்தித்திறன் வேறுபாட்டையே காட்டுகிறது, எனவே பொதுச் சந்தை அமைப்பதற்குச் சமூகச் சட்டங்கள் அனைத்தையும் ஒன்றாக்கத் தேவையில்லை என்பது அதன் முடிவு. உடன்படிக்கை பெருமளவுக்கு இவ்வழியையே பின்பற்றியது.

குறிப்பிடத்தக்க விலக்கு 119 ஆம் உறுப்பாகும். இது ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் வழங்கவேண்டும் எனக் கூறியது. பிரான்சில் சம ஊதியச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. பெண்கள் பெருமளவில் பணிபுரிந்த நெசவுத் துறையில், பெண்களுக்குக் குறைந்த ஊதியம் தரும் அண்டை நாடுகளோடு போட்டியிட இயலாது எனப் பிரான்ஸ் அஞ்சியதே இவ்வுறுப்பு இடம்பெற முதன்மைக் காரணம். போட்டி பற்றிய கவலையிலிருந்து ஒரு தொழிலாளர் உரிமை பிறந்ததற்கு இது எடுத்துக்காட்டாகும்.

இவ்வுறுப்பு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஏட்டளவிலேயே இருந்தது. பெல்ஜிய விமானப் பணிப்பெண் கப்ரியேல் தெஃப்ரென் தொடுத்த வழக்கில் ஏப்ரல் 8, 1976 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், இவ்வுறுப்பை உறுப்பு நாடுகளின் நீதிமன்றங்களில் நேரடியாகக் கோரலாம் எனத் தீர்ப்பளித்தது. பொருளாதாரம், சமூகம் என்னும் இரு நோக்கங்களும் அவ்வுறுப்புக்கு உண்டு எனவும் கூறியது. பழைய நிலுவைகளைத் தரவேண்டியிருந்தால் நிறுவனங்கள் நொடித்துப்போகும் என ஐக்கிய இராச்சியமும் அயர்லாந்தும் வாதிட்டன. எனவே, ஏற்கெனவே வழக்குத் தொடுத்தவர்களைத் தவிர மற்றவர்கள் தீர்ப்பு நாளுக்கு முந்திய காலத்துக்கு நிலுவை கோர இயலாது என நீதிமன்றம் வரையறுத்தது. உரிமையை ஏற்று அதன் செலவைக் கட்டுப்படுத்தும் இவ்வழிமுறை பின்னரும் பலமுறை கையாளப்பட்டது.

சூழல் கொள்கை

உரோம் உடன்படிக்கையில் சுற்றுச்சூழல் என்னும் சொல்லே இல்லை. 1972 அக்டோபரில் பாரிசில் கூடிய அரசுத் தலைவர்கள் சூழல் செயல்திட்டம் ஒன்றைக் கோரினர். முதல் செயல்திட்டம் 1973 இல் வெளியானது. 1987 சூலை 1 இல் நடைமுறைக்கு வந்த ஒற்றை ஐரோப்பியச் சட்டம் சூழல் பாதுகாப்புக்குத் தனி அதிகாரத்தை உடன்படிக்கையிலேயே சேர்த்தது. மாசுபடுத்துபவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்னும் கொள்கையும் அப்போது சேர்ந்தது. தீங்கு முழுமையாக நிறுவப்படும் முன்னரே தடுப்பு நடவடிக்கை எடுக்கலாம் என்னும் முன்னெச்சரிக்கைக் கொள்கை 1993 இல் நடைமுறைக்கு வந்த மாசுட்டிரிக்ட் உடன்படிக்கையால் சேர்ந்தது.

சந்தைக்கும் சூழலுக்கும் இடையிலான முதன்மையான வழக்குகளுள் ஒன்று டேனிஷ் புட்டி வழக்கு எனப்படும். பியர், மென்பானப் புட்டிகளைத் திரும்பப் பெற்று மீண்டும் பயன்படுத்த வேண்டும் என டென்மார்க் விதித்திருந்தது. இது வெளிநாட்டு உற்பத்தியாளருக்குக் கூடுதல் சுமை ஆனது. செப்டம்பர் 20, 1988 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், சூழல் பாதுகாப்பு என்பது பொருட்களின் தடையற்ற நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தப் போதுமான காரணமே என ஏற்று, திரும்பப் பெறும் முறையை அனுமதித்தது. ஆனால் அரசின் ஒப்புதல் பெறாத புட்டிகளில் விற்கத்தக்க அளவுக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு தேவைக்கு மிஞ்சியது எனக் கூறி அதனை ஏற்கவில்லை.

வேலை நேரம்

1993 இல் இயற்றப்பட்ட வேலை நேரப் பணிப்பாணை, வாரத்துக்குச் சராசரியாக 48 மணி நேர உச்சவரம்பு, நாளுக்குத் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு, ஆண்டுக்கு நான்கு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு ஆகியவற்றை விதித்தது. இது சமூகக் கொள்கையாக அன்றி, தொழிலாளரின் உடல்நலம், பாதுகாப்பு தொடர்பானதாக இயற்றப்பட்டது. அவ்வாறாயின் பெரும்பான்மை வாக்கே போதும். ஒருமித்த இசைவு தேவையில்லை. ஐக்கிய இராச்சியம் இதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கு நவம்பர் 12, 1996 அன்று பெருமளவுக்குத் தோல்வியடைந்தது. எனினும், தொழிலாளர் தனித்தனியே எழுதி இசைந்தால் 48 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாம் என்னும் விலக்கு பணிப்பாணையில் தொடர்ந்து இருக்கிறது.

மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்கி அழைப்புக்குக் காத்திருக்கும் நேரமும், அவர்கள் உறங்கினாலும், வேலை நேரமே என 2000 இலும் 2003 இலும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடுதல் மருத்துவர்களை அமர்த்தும் செலவைத் தவிர்க்கப் பல நாடுகள் மேற்கூறிய விலக்கை மருத்துவத் துறையில் கொண்டுவந்தன. பணிப்பாணையைத் திருத்தும் முயற்சி 2009 ஏப்ரலில் நாடாளுமன்றத்துக்கும் அமைச்சர்கள் அவைக்கும் இடையே உடன்பாடு ஏற்படாமல் முறிந்தது.

லிஸ்பன் உத்தி

2000 மார்ச்சில் லிஸ்பனில் கூடிய அரசுத் தலைவர்கள், 2010 ஆம் ஆண்டுக்குள் ஒன்றியத்தை உலகிலேயே மிகுந்த போட்டித்திறன் கொண்ட அறிவுசார் பொருளாதாரமாக ஆக்குவதென முடிவுசெய்தனர். வேலைவாய்ப்பு வீதத்தை 70% ஆக்குவது இலக்குகளுள் ஒன்று. கூடுதலான, தரமான வேலைகளும் சமூக ஒற்றுமையும் சேர்ந்தே வரவேண்டும் எனக் கூறப்பட்டது. 2001 சூனில் யோட்டபோரியில் நடந்த கூட்டத்தில் சூழல் மூன்றாவது தூணாகச் சேர்க்கப்பட்டது.

நெதர்லாந்தின் முன்னாள் பிரதமர் விம் கோக் தலைமையிலான குழு 2004 நவம்பரில் அளித்த அறிக்கை, இலக்குகள் மிகுந்து போனதையும் உறுப்பு நாடுகளின் ஈடுபாடு குறைந்திருந்ததையும் சுட்டியது. 2005 இல் ஐரோப்பிய ஆணையத் தலைவர் யோசே மனுவேல் பரோசோ உத்தியை வளர்ச்சி, வேலைவாய்ப்பு ஆகிய இரண்டின்மீது குவித்தார். பொருளாதாரம், சமூகம், சூழல் என்பன தமக்கு மூன்று குழந்தைகள் போன்றவை என்றும், ஒன்று நோயுற்றிருக்கும்போது அதனைக் கூடுதலாகக் கவனிப்பதால் மற்றவற்றின்மீது அன்பு குறைந்ததாகாது என்றும் அவர் விளக்கினார். மற்ற இரண்டும் கைவிடப்படுகின்றன எனத் தொழிற்சங்கங்களும் சூழல் அமைப்புகளும் குறைகூறின. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் வேலையின்மை உயர்ந்தது. 70% இலக்கு 2010 இல் எட்டப்படவில்லை. அதன் இடத்தில் வந்த ஐரோப்பா 2020 திட்டத்தில் வறுமை ஒழிப்பு, பசுமைக்குடில் வளிமக் குறைப்பு ஆகியவை எண்ணிக்கை இலக்குகளாக மீண்டும் இடம்பெற்றன.

எல்லை கடந்த சேவைகளும் ஊதியப் பூசலும்

சேவைகள் பணிப்பாணை

2004 சனவரியில் ஆணைய உறுப்பினர் ஃபிரிட்ஸ் போல்க்கெசுட்டைன் முன்வைத்த வரைவு, ஒரு நிறுவனம் வேறொரு உறுப்பு நாட்டில் தற்காலிகமாகச் சேவை வழங்கும்போது தன் சொந்த நாட்டுச் சட்டத்துக்கே உட்படும் என்னும் தோற்ற நாட்டுக் கொள்கையைக் கொண்டிருந்தது. அவ்வாண்டு மே 1 இல் பத்து நாடுகள் புதிதாக ஒன்றியத்தில் சேர்ந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஊதியம் குறைந்த முன்னாள் பொதுவுடைமை நாடுகள். மலிவாக வேலை செய்யும் போலந்துக் குழாய்ப் பணியாளர் என்னும் உருவகம் பிரான்சின் அரசியலில் பரவியது. மே 29, 2005 அன்று பிரான்சில் ஐரோப்பிய அரசமைப்பு ஒப்பந்தம் பொதுவாக்கெடுப்பில் தோற்றதற்கு இவ்வச்சமும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. 2006 டிசம்பரில் பணிப்பாணை நிறைவேறியபோது தோற்ற நாட்டுக் கொள்கை நீக்கப்பட்டிருந்தது.

லவால், வைக்கிங் வழக்குகள்

லவால் என்னும் லாத்விய நிறுவனம் 2004 இல் சுவீடனின் வாக்சோல்மில் பள்ளிக் கட்டடப் பணியை ஏற்று, லாத்வியாவிலிருந்து தொழிலாளரைக் கொண்டுவந்தது. சுவீடனில் சட்டத்தால் விதிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் இல்லை. தொழிற்சங்கங்கள் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தங்களே ஊதியத்தைத் தீர்மானிக்கின்றன. அத்தகைய ஒப்பந்தத்தில் நிறுவனம் கையெழுத்திட மறுத்ததால் கட்டடத் தொழிலாளர் சங்கம் பணியிடத்தை முற்றுகையிட்டது. டிசம்பர் 18, 2007 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், கூட்டு நடவடிக்கை அடிப்படை உரிமையே என ஏற்றது. ஆனால் இம்முற்றுகை சேவை வழங்கும் உரிமையை முறையற்ற வகையில் தடுத்தது எனவும் முடிவுசெய்தது. சங்கங்கள் நிறுவனத்துக்கு இழப்பீடு தரவேண்டும் எனச் சுவீடனின் தொழிலாளர் நீதிமன்றம் 2009 இல் ஆணையிட்டது.

ஒரு வாரத்துக்கு முன், டிசம்பர் 11, 2007 அன்று, வைக்கிங் வழக்கில் இதையொத்த தீர்ப்பு வெளிவந்தது. எல்சிங்கி, தாலின் நகரங்களுக்கு இடையே ஓடிய ஒரு பின்லாந்துக் கப்பலை, ஊதியம் குறைந்த எசுத்தோனியாவில் பதிவுசெய்ய நிறுவனம் முயன்றதைச் சங்கங்கள் எதிர்த்த வழக்கு அது. பொருளாதாரச் சுதந்திரம் வேலைநிறுத்த உரிமைக்கு மேலே வைக்கப்பட்டது எனத் தொழிற்சங்கங்கள் இத்தீர்ப்புகளைக் கண்டித்தன. தம் தொழிலாளருக்கு ஐரோப்பியச் சந்தையில் இடம் மறுக்கப்படாததாகக் கூறிப் புதிய உறுப்பு நாடுகளில் பலர் வரவேற்றனர்.

2018 ஆம் ஆண்டுத் திருத்தம்

பிற நாட்டுக்கு அனுப்பப்படும் தொழிலாளர் பற்றிய 1996 ஆம் ஆண்டுப் பணிப்பாணை, செல்லும் நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தை மட்டுமே உறுதிசெய்தது. 2018 ஆம் ஆண்டுத் திருத்தம், ஒரே இடத்தில் ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்னும் கொள்கையை ஏற்றது. படிகளும் மிகையூதியங்களும் இதில் அடங்கும். 12 மாதங்களுக்கு மேல், நீட்டிப்புப் பெற்றால் 18 மாதங்களுக்கு மேல், தங்குவோருக்கு அந்நாட்டின் தொழிலாளர் சட்டங்கள் ஏறத்தாழ முழுமையாகப் பொருந்தும். அங்கேரியும் போலந்தும் இதனை எதிர்த்துத் தொடுத்த வழக்குகளை டிசம்பர் 8, 2020 அன்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

சூழல் சட்டங்களும் தொழில்துறையும்

வேதிப்பொருட்கள்

ரீச் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் வேதிப்பொருள் ஒழுங்குவிதி சூன் 1, 2007 இல் நடைமுறைக்கு வந்தது. முன்னர் ஒரு வேதிப்பொருள் தீங்கானது என அரசு நிறுவவேண்டியிருந்தது. இவ்விதியின்படி ஆண்டுக்கு ஒரு டன்னுக்கு மேல் உற்பத்தியோ இறக்குமதியோ செய்யும் நிறுவனமே தரவுகளைத் திரட்டிப் பதிவுசெய்யவேண்டும்; தரவு இல்லையேல் சந்தையும் இல்லை. 2003 இல் வரைவு வெளியானபோது ஜெர்மனி, பிரான்ஸ், ஐக்கிய இராச்சியம் ஆகிய நாடுகளின் தலைவர்கள், தொழில்துறை பாதிக்கப்படும் எனக் கூட்டாக ஆணையத்துக்கு எழுதினர். இறுதிச் சட்டத்தில், குறைந்த அளவில் உற்பத்தியாகும் பொருட்களுக்கான தரவுத் தேவைகள் குறைக்கப்பட்டு, பதிவுக்கான காலக்கெடு 2010, 2013, 2018 எனப் படிப்படியாக அமைந்தது. இதனைச் செயற்படுத்தும் முகமை எல்சிங்கியில் உள்ளது.

உமிழ்வு வணிகமும் எல்லைக் கட்டணமும்

2005 இல் தொடங்கிய உமிழ்வு வணிகத் திட்டத்தில் மின்நிலையங்களும் பெருந்தொழிற்சாலைகளும் வெளியிடும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஓர் உரிமச்சீட்டு ஒப்படைக்கவேண்டும். மொத்தச் சீட்டுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைக்கப்படுகிறது. தொடக்கத்தில் சீட்டுகள் தேவைக்கு மிஞ்சி இலவசமாக வழங்கப்பட்டதால் 2007 இல் அவற்றின் விலை ஏறத்தாழ சுழியத்துக்கு வீழ்ந்தது. பின்னர் விதிகள் இறுக்கப்பட்டு, 2023 பிப்ரவரியில் விலை முதன்முறையாக 100 யூரோவைக் கடந்தது.

ஊதுலையில் ஒரு டன் எஃகு செய்யும்போது ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு வெளியாகிறது. சீட்டின் விலை 70 யூரோ எனக் கொண்டால் ஒரு டன் எஃகின்மீது ஏறத்தாழ 140 யூரோ சுமை ஏறும். இச்சுமையில்லாத நாட்டுக்குத் தொழிற்சாலை இடம்பெயர்ந்தால் ஐரோப்பாவில் வேலை குறையும்; உலகில் மாசு குறையாது. இது கரிமக் கசிவு எனப்படும். இதனைத் தடுக்க எஃகு, சிமெந்து முதலிய துறைகளுக்குச் சீட்டுகள் இலவசமாக வழங்கப்பட்டன. இலவசமாகப் பெறுபவருக்கு மாசைக் குறைக்கும் தூண்டுதல் குறைவு என்பது இதன் குறை.

மாற்றாக, கரிம எல்லைச் சரிக்கட்டு முறை 2023 இல் சட்டமானது. சிமெந்து, இரும்பு, எஃகு, அலுமினியம், உரம், மின்சாரம், ஐதரசன் ஆகியவற்றை இறக்குமதி செய்வோர், அவற்றின் உற்பத்தியில் வெளியான கரிமத்துக்கு ஈடாகச் சான்றிதழ் வாங்கவேண்டும். அறிக்கை மட்டும் அளிக்கும் இடைக்காலம் அக்டோபர் 1, 2023 இல் தொடங்கியது. கட்டணப் பொறுப்பு சனவரி 1, 2026 முதல் தொடங்குகிறது. இத்துறைகளின் இலவசச் சீட்டுகள் 2034 ஆம் ஆண்டுக்குள் படிப்படியாக நிறுத்தப்படும். வளரும் நாடுகள் இதனை மறைமுகச் சுங்க வரி எனக் கருதுகின்றன. எஃகு ஏற்றுமதி செய்யும் இந்தியா இதற்கு எதிர்ப்புத் தெரிவித்துள்ளது.

2017 க்குப் பிந்திய நிலை

நவம்பர் 17, 2017 அன்று யோட்டபோரியில் 20 கொள்கைகள் கொண்ட ஐரோப்பியச் சமூக உரிமைகள் தூண் அறிவிக்கப்பட்டது. இது தனியே சட்டமன்று. எனினும் பின்வந்த சட்டங்களுக்கு அடிப்படையாயிற்று. 2022 ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியப் பணிப்பாணை, கூட்டு ஒப்பந்தங்கள் 80% க்கும் குறைவான தொழிலாளரை உள்ளடக்கும் நாடுகள் அதனை உயர்த்தச் செயல்திட்டம் வகுக்கவேண்டும் எனக் கூறியது. ஊதியம் பற்றிச் சட்டம் இயற்ற ஒன்றியத்துக்கு அதிகாரம் இல்லை என டென்மார்க் வழக்குத் தொடுத்தது. நவம்பர் 11, 2025 அன்று நீதிமன்றம் இரு விதிகளை மட்டும் நீக்கிவிட்டு, பணிப்பாணையின் பெரும்பகுதியை நிலைநிறுத்தியது.

2019 டிசம்பரில் ஐரோப்பியப் பசுமை ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. 2021 ஆம் ஆண்டுக் காலநிலைச் சட்டம், 1990 உடன் ஒப்பிடுகையில் நிகர உமிழ்வை 2030 க்குள் குறைந்தது 55% குறைக்கவும், 2050 க்குள் நிகரச் சுழியம் ஆக்கவும் கட்டாயப்படுத்துகிறது. நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழும் வட்டாரங்களின் தொழிலாளருக்கு மறுபயிற்சியும் மாற்று வேலையும் அளிக்க நியாயமான மாற்ற நிதியம் உருவாக்கப்பட்டது.

வழங்கல் சங்கிலிப் பொறுப்பு

ஏப்ரல் 24, 2013 அன்று வங்காளதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கிருந்த ஆடைத் தொழிற்சாலைகள் ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களுக்கு ஆடை தைத்தன. வாங்கும் நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டா என்னும் கேள்வி இதனால் வலுப்பெற்றது. 2017 இல் பிரான்சும், 2023 முதல் ஜெர்மனியும் இதற்கெனச் சட்டம் கொண்டன. 2024 இல் ஒன்றியம் முழுமைக்குமான பணிப்பாணை நிறைவேறியது. 1,000 க்கு மேற்பட்ட பணியாளரும் 450 மில்லியன் யூரோவுக்கு மேற்பட்ட விற்றுமுதலும் கொண்ட நிறுவனங்கள், தம் வழங்கல் சங்கிலியில் நிகழும் மனித உரிமை மீறல்களையும் சூழல் கேடுகளையும் கண்டறிந்து தடுக்கவேண்டும் என அது விதித்தது.

அவ்வாண்டு செப்டம்பரில் முன்னாள் ஐரோப்பிய நடுவண் வங்கித் தலைவர் மாரியோ திராகி அளித்த அறிக்கை, அமெரிக்கா, சீனா ஆகியவற்றுக்கு ஈடுகொடுக்க ஆண்டுதோறும் கூடுதலாக 750 முதல் 800 பில்லியன் யூரோ முதலீடு தேவை என மதிப்பிட்டது. விதிகளின் சுமையையும் சுட்டியது. 2025 பிப்ரவரியில் ஆணையம் எளிமையாக்கத் திட்டம் ஒன்றை முன்வைத்தது. 2025 டிசம்பரில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி பணிப்பாணையின் வரம்பு 5,000 பணியாளர், 1.5 பில்லியன் யூரோ விற்றுமுதல் என உயர்த்தப்பட்டது. பாதிக்கப்பட்டோர் இழப்பீடு கோருவதற்கான ஒன்றியப் பொதுவிதி நீக்கப்பட்டது. நடைமுறைப்படுத்தலும் 2029 க்குத் தள்ளிவைக்கப்பட்டது.

பிற நாடுகளின்மீது தாக்கம்

தமிழ்நாட்டின் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை பகுதிகளின் தோல் தொழில் இக்கொள்கைகளின் தாக்கத்தை முன்னரே உணர்ந்தது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனாலை ஜெர்மனி 1989 இறுதியில் தடைசெய்தது. தொடர்ந்து சிலவகை அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. 2002 இல் அத்தடை ஒன்றியம் முழுமைக்கும் விரிந்தது. ஏற்றுமதியாளர் மாற்று வேதிப்பொருட்களுக்கு மாறவேண்டியதாயிற்று. பாலாற்றுப் பகுதியின் தோல் கழிவு தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 இல் இந்திய உச்ச நீதிமன்றம், முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்துபவரே செலவை ஏற்கும் கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதியே என அறிவித்தது. ஐரோப்பிய உடன்படிக்கையில் உள்ளவையும் இவ்விரு கொள்கைகளே.

மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சூழல், நல்லாட்சி தொடர்பான 27 பன்னாட்டு உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்தும் வளரும் நாடுகளுக்கு ஒன்றியம் ஜிஎஸ்பி பிளஸ் என்னும் சுங்கச் சலுகையை அளிக்கிறது. இலங்கையின் ஆடைத் தொழில் இதனால் பயனடைந்தது. மனித உரிமை தொடர்பான மூன்று உடன்படிக்கைகளை இலங்கை முறையாக நடைமுறைப்படுத்தவில்லை எனக் கூறி ஆகத்து 15, 2010 முதல் சலுகை நிறுத்தப்பட்டது. 2017 மே மாதத்தில் மீண்டும் வழங்கப்பட்டது. இத்தகைய தண்டனையின் சுமை அரசைவிட ஆடைத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்கள்மீதே விழும் என்னும் வாதமும், அழுத்தமின்றி அரசுகள் மாறா என்னும் எதிர்வாதமும் அக்காலத்தில் முன்வைக்கப்பட்டன.

விமர்சனங்கள்

- தொழில்துறையினர், ஒவ்வொரு சட்டமும் தனித்தனியே நியாயமாக இருப்பினும், அவற்றின் மொத்தச் சுமை சிறு நிறுவனங்களை நசுக்குகிறது என்கின்றனர்.
- தொழிற்சங்கங்கள், சந்தைச் சுதந்திரங்கள் உடன்படிக்கையிலேயே உறுதியாக உள்ளன. சமூக உரிமைகளோ பெரும்பாலும் திருத்தத்தக்க பணிப்பாணைகளில் மட்டுமே உள்ளன என்கின்றன.
- சூழல் அமைப்புகள், பொருளாதார நெருக்கடி வரும்போதெல்லாம் முதலில் தளர்த்தப்படுவது சூழல் விதிகளே என்கின்றன.
- வளரும் நாடுகள், தாம் பங்கேற்காத அவையில் இயற்றப்படும் விதிகளுக்குத் தம் உற்பத்தியாளர் கட்டுப்பட வேண்டியுள்ளது என்கின்றன.

இவ்விதிகள் போட்டித்திறனைக் குறைக்கின்றனவா என்பதில் பொருளியலாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. வலுவான கூட்டு ஒப்பந்தங்களும் கடுமையான சூழல் விதிகளும் கொண்ட டென்மார்க், சுவீடன் போன்ற நாடுகள் ஏற்றுமதியிலும் புத்தாக்கத்திலும் முன்னணியில் இருப்பது ஒரு தரப்பின் சான்று. ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படும் தொழில்கள் ஐரோப்பாவில் நலிவுறுவது மறுதரப்பின் சான்று.

இவற்றையும் பார்க்க

- ஐரோப்பிய ஒன்றியம்
- பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு
- உமிழ்வு வணிகம்
- தொழிற்சங்கம்
- பேண்தகு வளர்ச்சி